கூடையை வளைப்பது யார்?

புரதக் களங்களைப் பற்றிய ஒரு வரி விடைக்கு ஒரு மறுப்பு

"கிளாத்ரின் கூடை முடைகிறது, ஏபி-2 சரக்கைப் பிடிக்கிறது, எப்சினின் என்த் களம் சவ்வை வளைக்கிறது, டைனமின் கழுத்தை அறுக்கிறது." வாசகர்களே, உயிரணு இயலைச் சுருக்கிச் சொல்லும் குறிப்புகளிலும் பட விளக்கங்களிலும் இத்தகைய வாக்கியங்களை நீங்கள் கண்டிருக்கலாம். ஆளுக்கொரு வேலை, வேலைக்கொரு ஆள் என்னும் இந்த ஒழுங்கு மனப்பாடத்திற்கு மிக வசதியானது. மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இது உண்மைதானா?

நான்கு கூற்றுகளையும் ஒரே கட்டுரையில் சோதிக்க இயலாது. மூன்றாவது கூற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது எந்தச் சோதனையிலிருந்து பிறந்தது? அச்சோதனை உண்மையில் எதைக் காட்டியது? பின்வந்த ஆய்வுகள் அதை எங்கே நிறுத்தியுள்ளன? இவற்றை உரைகல்லில் உரசிப் பார்ப்பதே நம் நோக்கம்.

கொசு முட்டையில் தொடங்கிய கதை

முதலில் நிகழ்ச்சி என்னவென்று தெரிந்துகொள்வோம். 1964-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் என்னும் இருவர், டெங்குவைப் பரப்புவதால் நாம் நன்கறிந்த ஏடிஸ் எஜிப்டி கொசுவின் முட்டை உயிரணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். பெண் கொசு இரத்தம் குடித்தபின் அதன் முட்டையில் மஞ்சள்கருப் புரதம் சேர வேண்டும். அப்போது முட்டையின் மேற்பரப்பில் சிறு குழிகள் ஏற்படுகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 140 நானோமீட்டர் அகலம். ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சம் நானோமீட்டர்கள் உள்ளன என்பதை நினைவில் கொண்டால் இவற்றின் நுண்மை விளங்கும். இரத்த உணவுக்குப்பின் இக்குழிகளின் எண்ணிக்கை 15 மடங்கு பெருகியதை அவர்கள் கண்டார்கள்.

குழியின் உட்புறம், அதாவது உயிரணுவின் பக்கம், தூரிகை மயிர் போன்ற ஓர் உறை காணப்பட்டது. குழி ஆழமாகி, வாய் குறுகி, சவ்வினின்று அறுபட்டு, ஒரு நுண்பையாக உள்ளே போகிறது. போன பிறகு உறை கழன்றுவிடுகிறது. உயிரணு வெளிப்பொருளை உள்வாங்கும் முக்கியமான வழிகளுள் இதுவும் ஒன்று. நரம்பு முனைகளில் செய்திப்பைகளை மீண்டும் ஆக்குவதும், இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைக் கல்லீரல் எடுத்துக்கொள்வதும் இவ்வழியில்தான். சில வைரசுகள் உயிரணுவுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதும் இதே வாசல் வழியாகவே!

அந்த உறை எதனால் ஆனது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பார்பரா பியர்ஸ், பன்றி மூளையிலிருந்து உறையிட்ட நுண்பைகளைத் தூய்மையாகப் பிரித்தார். உறையின் பெரும்பகுதி ஒரே புரதம் என்று கண்டு, 1976-இல் அதற்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டார். 'பின்னல் போன்றது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1981-இல் கிளாத்ரின் அலகின் வடிவமும் தெரியவந்தது. மூன்று கால்கள் ஒரு மையத்தில் கூடிய முக்காலி வடிவம் அது. முக்காலிகளின் கால்கள் ஒன்றோடொன்று படிந்து, ஐங்கோணமும் அறுகோணமுமான கண்கள் கொண்ட கூடை உருவாகிறது.

இங்கே ஒரு கணித உண்மையைக் கவனியுங்கள். அறுகோணங்கள் மட்டுமே இருந்தால் பின்னல் தட்டையாகவே இருக்கும். தேன்கூட்டின் அடை போல. அதை மூடிய உருண்டையாக்க வேண்டுமானால் சரியாக 12 ஐங்கோணங்கள் வேண்டும். கூடை சிறியதோ பெரியதோ, இந்த 12 மாறாது. கால்பந்தின் தோலைப் பாருங்கள். 12 ஐங்கோணங்கள், 20 அறுகோணங்கள். கூடை முடைபவரும் அறுகோணக் கண்களை முடைந்துகொண்டே வந்து, வளைய வேண்டிய இடத்தில் ஒரு கண்ணை ஐங்கோணமாக்குவார். உயிரணுவிலும் அப்படியே.

களம் என்பது யாது?

கிளாத்ரின் சவ்வை நேராகத் தொடுவதில்லை. இடையில் இணைப்புப் புரதங்கள் நிற்கின்றன. ஒரு கையால் சவ்வையும் சரக்கையும், மறு கையால் கிளாத்ரினையும் அவை பற்றுகின்றன. நான்கு துணை அலகுகள் கொண்ட ஏபி-2 இவற்றில் முதன்மையானது. எப்சின் மற்றொன்று.

ஒரு நீண்ட புரத இழையில் தனியே மடிந்து, தனக்கென ஒரு வடிவம் கொண்டு நிற்கும் பகுதியை 'டொமைன்' என்பார்கள். நாம் களம் என்போம். ஒரே வகைக் களம் பல்வேறு புரதங்களில் காணப்படுவதால், களத்தைக் கண்டால் புரதத்தின் வேலையை ஊகிக்கலாம். எப்சினின் தொடக்கத்தில் உள்ள என்த் களமும், வாழைப்பழம் போல் வளைந்த பார் களமும் சவ்வைப் பற்றுபவை. எஸ்எச்-3 களம் புரோலின் மிகுந்த புரதப் பகுதிகளைப் பற்றும். கிளாத்ரினின் ஒவ்வொரு காலின் நுனியிலும் ஏழு இதழ் கொண்ட விசிறி போன்ற ஒரு களம் உண்டு. இணைப்புப் புரதங்கள் அதில்தான் வந்து ஒட்டுகின்றன.

இந்த முறை ஆய்வாளர்களுக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. இதில் நமக்கு மறுப்பில்லை. களத்தின் பெயரே அதன் தொழிலாகிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

2002-இன் ஆய்வு

கேம்பிரிட்ஜின் அதே ஆய்வகத்தில் ஹார்வி மக்மஹான் குழுவினர் எப்சினைப் பற்றிய ஓர் ஆய்வை 2002-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட கூற்றின் பிறப்பிடம் இதுவே. அதன் சாரம் வருமாறு: உயிரணுச் சவ்வின் உட்பக்கத்தில் பிஐபி-2 என்னும் கொழுப்பு மூலக்கூறு உண்டு. என்த் களம் அதைப் பற்றியவுடன், அதுவரை ஒழுங்கற்றுக் கிடந்த களத்தின் முனை ஒரு சுருளாக மடிகிறது. இச்சுருளின் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் நீரை வெறுக்கும். வெறுக்கும் பக்கத்திலுள்ள அமினோ அமிலங்களை மாற்றிவிட்டால் எப்சின் சவ்வை வளைக்கும் ஆற்றலை இழக்கிறது. ஆகவே அச்சுருள் சவ்வின் இரு அடுக்குகளில் ஓர் அடுக்குக்குள் ஆப்புப் போல இறங்கி, அவ்வடுக்கை அகலச் செய்து சவ்வை வளைக்கிறது என்று ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள்.

அழகான ஆய்வு, தூய்மையான சோதனை. சுருளைக் கெடுத்தால் வளைவு கெடுகிறது என்பது வெறும் ஊகமன்று, காட்டப்பட்ட செய்தி. ஆனால் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வளைந்தவை ஆய்வகத்தில் செய்த கொழுப்புக் குமிழிகளும் கொழுப்புப் படலங்களும். உயிருள்ள உயிரணுவின் சவ்வன்று. மற்றொன்று, ஆப்பு இறங்குவதை ஆய்வாளர்கள் 'முன்மொழிகிறோம்' என்றே எழுதினார்கள். ஆனால் கட்டுரையின் தலைப்போ, குழியின் வளைவை இயக்குவது எப்சின் என்று திட்டமாகச் சொன்னது. தலைப்பைப் படிப்பவர் பலர்; உள்ளே படிப்பவர் சிலர். குறிப்புகளுக்குள் நுழைந்தபோது 'முன்மொழிகிறோம்' என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று.

முதல் தடை: நெரிசல்

2012-இல் ஜீன் ஸ்டாகோவியாக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். ஆப்பு மட்டும் சவ்வை வளைக்க வேண்டுமானால் சவ்வின் பரப்பு முழுவதையுமே ஏறக்குறைய புரதம் மூட வேண்டியிருக்கும் என்று கணிப்பொறிக் கணக்குகள் காட்டியிருந்தன. உயிரணுவில் அது நடக்கக்கூடியதன்று. எனவே அவர்கள் என்த் களத்தைச் சுருளால் குத்திச் செருகாமல், செயற்கையான ஓர் ஒட்டு மூலம் சவ்வின் மேல் ஒட்டவைத்தார்கள். அப்போதும் சவ்வு வளைந்தது! ஒட்டும் முறை எதுவாயினும், பரப்பில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் மூடினால் வளைவு ஏற்பட்டது.

இதனினும் வியப்பானது அடுத்த சோதனை. ஜெல்லி மீனிலிருந்து பெறப்பட்ட பச்சை ஒளிர் புரதத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சவ்வு வளைவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அதையே போதிய அளவு நெருக்கமாக ஒட்டியபோது அதுவும் சவ்வை வளைத்தது.

காரணம் எளிது. சவ்வின் ஒரு பக்கத்தில் மட்டும் புரதங்கள் நெருக்கியடித்து நின்றால் அவை ஒன்றையொன்று ஓயாமல் இடிக்கும். சவ்வு அவர்கள் நிற்கும் பக்கமாகப் புடைத்தால் எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். இடிப்பின் அழுத்தமே சவ்வைப் புடைக்கச் செய்கிறது.

இதன் பொருள் என்ன? கொழுப்புக் குமிழியில் ஒரு புரதம் வளைவை உண்டாக்கியது என்பதால் மட்டும், வளைப்பது அதன் சிறப்புத் தொழில் என்று கூற இயலாது. அந்தச் சோதனையில் ஜெல்லி மீன் புரதமும் தேறிவிடுகிறதே!

மற்றொரு செய்தியும் உண்டு. எலியின் எப்சின்-1 புரதத்தில் 575 அமினோ அமிலங்கள் உள்ளன. என்த் களம் அவற்றில் முதல் 140 சொச்சம் மட்டுமே. எஞ்சிய பெரும்பகுதி நிலையான வடிவமின்றி நூல் போலத் தளர்ந்து கிடக்கிறது. படங்களில் இதைச் சிறு கோடாகப் போட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் அதிக இடம் அடைப்பதும் அதிகமாக இடிப்பதும் இந்தத் தளர்ந்த பகுதியே. இது வளைவுக்குப் பெருந்துணை புரிகிறது என்று 2015-இல் காட்டப்பட்டது. 'களம்' என்ற சொல் நம் கண்ணை வடிவமுள்ள பகுதியிலேயே கட்டிப்போட்டுவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாம் தடை: என்த் இல்லாமலே

அதே 2012-இல் ஜெர்மனியில் டன்ஹவுசர், உங்கேவிக்கல் ஆகிய இருவர் எப்சினிலிருந்து என்த் களத்தை அறவே நீக்கிவிட்டார்கள். கிளாத்ரினைப் பற்றும் எஞ்சிய பகுதியை மட்டும் கொழுப்புக் குமிழியில் ஒட்டினார்கள். பிறகு கிளாத்ரினைச் சேர்த்தார்கள். உறையிட்ட மொட்டுகள் முளைத்தன! கிளாத்ரின் கூடை தானே சவ்வை வளைக்க வல்லது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே, ஆப்பும் வளைக்கும், நெரிசலும் வளைக்கும், கூடையும் வளைக்கும். ஆய்வகக் குமிழியில் இவை அனைத்தும் முடியும். 'முடியும்' என்பதும் 'செய்கிறது' என்பதும் ஒன்றல்ல. நம் குறிப்புகள் இவ்விரண்டு வினைச்சொற்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. நம் மறுப்பின் அடிப்படை இதுவே.

உயிரணுவின் சாட்சியம்

அப்படியானால் உயிரணுவையே கேட்போம். எப்சினே இல்லாவிட்டால் என்ன ஆகும்? எப்சினின் மூன்று மரபணுக்களையும் நீக்கிய எலி உயிரணுக்களை ஆராய்ந்த முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. உள்வாங்கும் வேலை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது. எனவே எப்சின் வேண்டாதது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தடைப்பட்டது என்று பாருங்கள். தொடக்க நிலைக் குழிகளோடு, 'ப' என்ற எழுத்தைப் போல் கீழே குழிந்து மேலே வாய் திறந்த குழிகளும் மிகுதியாகத் தேங்கிக் கிடந்தன. அதாவது எப்சின் இல்லாமலும் சவ்வு அந்த அளவுக்கு வளைந்துவிட்டது. அதற்குமேல் உள்ளே இழுக்கப்பட்டு அறுபடத்தான் முடியவில்லை. கிளாத்ரின் உறையையும், உயிரணுவின் தசைநார் போன்ற ஆக்டின் இழைகளையும் பிணைப்பதே எப்சினின் முக்கியப் பணிகளுள் ஒன்று என்று அவ்வாய்வு முடிவு கூறியது. நாம் ஆப்பு என்று நினைத்தது, பெருமளவில் இழுகயிற்றைக் கட்டும் கொக்கியாகவும் இருந்திருக்கிறது!

ஈஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிளாத்ரினின் மரபணுவையே நீக்கிய ஈஸ்ட், மெதுவாக வளர்ந்தாலும், உயிர் வாழ்கிறது என்று 1985-இலேயே பெய்ன், ஷெக்மன் ஆகியோர் காட்டினார்கள். ஈஸ்ட்டில் கிளாத்ரின் வந்து சேரும்போது சவ்வு தட்டையாகவே இருக்கிறது. ஆக்டின் இழைகள் வளரத் தொடங்கிய பின்னரே அது வளைகிறது என்று 2012-இல் நுண்ணோக்கிப் படங்கள் வரிசையாகக் காட்டின.

ஏன் இந்த வேறுபாடு? ஈஸ்ட்டுக்குள் நீரழுத்தம் மிகுதி. காற்றடைத்த டயரைக் கைவிரலால் குழிக்க முடியுமா? அங்கே வலிய இழுப்பு வேண்டும். பாலூட்டிகளின் உயிரணுச் சவ்வு பொதுவாக அவ்வளவு விறைப்பானதன்று. ஆனால் அந்த உயிரணுவையே நீரில் ஊதச் செய்தோ இழுத்துப் பிடித்தோ சவ்வை விறைக்கச் செய்தால், அதுவரை தேவைப்படாத ஆக்டின் உடனே தேவைப்படுகிறது என்று 2011-இல் கண்டறிந்தார்கள். எனவே, 'வளைப்பது யார்?' என்ற கேள்விக்குச் சவ்வின் விறைப்பைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது இழுத்தது இன்னார் என்று ஒருவர் பெயரைச் சொல்வது எவ்வளவு பொருந்தும்? தெரு மேடாக இருந்தால் கைகள் கூடும். சமமாக இருந்தால் குறையும்.

ஒரு டைரோசின் தரும் பாடம்

"அப்படியானால் எந்தப் பகுதிக்கும் எந்த வேலையையும் சொல்லவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம், அதற்கான சான்று வேண்டும். நல்ல சான்று எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இதோ.

இளம் வயதிலேயே மாரடைப்பைக் கொண்டுவரும் பரம்பரைக் கொலஸ்டிரால் நோயை மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் ஆராய்ந்தார்கள். 1985-இல் நோபெல் பரிசும் பெற்றார்கள். கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளை உயிரணுவின் மேலுள்ள ஏற்பிகள் பற்றுகின்றன. உறைக்குழிகள் உயிரணுப் பரப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் எல்டிஎல் ஏற்பிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் குழுமி நிற்கின்றன. ஒரு நோயாளியின் உயிரணுக்களிலோ, ஏற்பி எல்டிஎல்லைச் சரியாகப் பற்றியது. ஆனால் குழிக்குள் சேரவில்லை. காரணம் 1986-இல் தெரிந்தது. 839 அமினோ அமிலங்கள் கொண்ட ஏற்பியில், உயிரணுவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில், 807-ஆவது இடத்தில் டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன் இருந்தது. ஓர் எழுத்துப் பிழை! வாசல்வரை வந்த சரக்கு உள்ளே போகவில்லை.

இச்சான்று ஏன் வலிமையானது? கேள்வி ஆய்வாளரிடமிருந்து எழவில்லை, நோயாளியின் உயிரணுவிலிருந்தே எழுந்தது. பற்றுதல் கெடவில்லை, குழுமுதல் மட்டும் கெட்டது என்று இரண்டையும் பிரித்துக் காட்ட முடிந்தது.

ஆனால் இங்கும் எச்சரிக்கை வேண்டும். அந்த டைரோசின் பகுதியைப் பற்றும் களங்களுள் ஒன்று, ஏஆர்எச் என்னும் இணைப்புப் புரதத்தில் உள்ளது. அப்புரதம் கெட்டாலும் அதே போன்ற நோய் வரும் என்று 2001-இல் தெரிந்தது. அந்நோயாளிகளின் கல்லீரலில் எல்டிஎல் உள்ளேறுவது தடைப்படுகிறது. ஆனால் அவர்களுடைய தோலின் நார் உயிரணுக்களிலோ வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது! அங்கே வேறொரு புரதம் கைகொடுக்கிறது. ஒரே களம் ஓர் உறுப்பில் இன்றியமையாதது. மற்றோர் உறுப்பில் அன்று.

நாம் கேட்க வேண்டியவை

வாசகர்களே, எப்சின் சவ்வை வளைப்பதே இல்லை என்பதல்ல நம் வாதம். வளைவில் அதற்குப் பங்குண்டு. ஆப்பும் அதன் ஒரு கருவியாக இருக்கலாம். தனி ஒரு களத்தின் தலையில் முழு வேலையையும் கட்டுவதையே மறுக்கிறோம். இது வெறும் சொற்சண்டை அன்று. இன்ன களம் இன்ன வேலை செய்கிறது என்ற வாக்கியத்தை நம்பித்தான் மருந்து தேடுவோர் அக்களத்தைக் குறிவைக்கிறார்கள். வாக்கியம் தவறானால் உழைப்பும் வீணாகும்.

எனவே, 'இந்தக் களம் இதைச் செய்கிறது' என்று எங்கே படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, சோதனை கொழுப்புக் குமிழியிலா, உயிரணுவிலா? இரண்டாவது, அக்களத்தை நீக்கினால் வேலை நிற்கிறதா. நின்றால் எந்தப் படியில் நிற்கிறது? மூன்றாவது, தொடர்பே இல்லாத வேறொரு புரதத்தை அவ்விடத்தில் வைத்துப் பார்த்தார்களா? மூன்றுக்கும் விடை இருந்தால் வாக்கியத்தை ஏற்கலாம். இல்லையென்றால் 'செய்கிறது' என்பதை அடித்துவிட்டு, 'செய்ய முடியும்' என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

நம் மாணவர்களுக்காகத் தமிழில் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். சுருக்குங்கள், தவறில்லை, ஆனால் ஆய்வாளர் 'முன்மொழிகிறோம்' என்று எழுதியிருந்தால் அச்சொல்லைச் சுருக்கத்திலும் விட்டுவிடாதீர்கள். அது கழிக்க வேண்டிய உமி அன்று, விதை நெல்.